எழுந்து உட்காரும் விதி

"ஏம்மா, ரெண்டும் ஒரே திரையிலதானே இருக்கு? இதுல இருக்கிறதை எடுத்து அதுல வைக்க எதுக்கும்மா நடுவுல ஒரு காகிதம்?"

குழாய் இணைப்பைத் தன் பெயருக்கு மாற்ற வந்த ஒரு முதியவர், கண்ணாடித் தடுப்பின் ஓட்டையில் தலையை நுழைத்து, உள்ளே கணினி முன் இருந்த பெரியவளைப் பார்த்து எப்போதோ கேட்ட கேள்வி இது. அதற்கு முன்னும் பின்னும் அந்த அலுவலகத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. பெரியவள் கூச்சத்தில் காது மடல் சிவக்க, "விதி ஐயா" என்று மட்டும் சொன்னாள்.

"யாரு விதி?" என்று கேட்டுவிட்டு முதியவர் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போய் நின்றுகொண்டார். விளக்கம் கேட்பவர்கள் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும் என்பதும் ஒரு விதி.

அது நகரக் குடிநீர் இணைப்புப் பதிவகம். மூன்றாம் மாடி. பழைய இணைப்புகளின் விவரமெல்லாம் ஒரு பழைய மென்பொருளில் இருந்தன. அந்த மென்பொருள் பழைய கணினியில்தான் ஓடும். பழைய கணினிகளோ ஒவ்வொன்றாகக் கண்ணை மூடிவிட்டன. ஆகவே புதுக் கணினியின் திரையில் ஒரு ஜன்னலைத் திறந்து, அதற்குள் ஒரு பழைய கணினி ஓடுவதுபோல ஏற்பாடு செய்திருந்தார்கள். தான் இன்னொன்றின் வயிற்றுக்குள் இருக்கிறோம் என்று தெரியாமல், தானும் ஒரு முழுக் கணினி என்ற நினைப்பில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அதை உள்கணினி என்றார்கள். அதைச் சுமப்பது வெளிக்கணினி. உள்கணினியில் இருக்கும் பெயரையும் முகவரியையும் இணைப்பு எண்ணையும் வெளிக்கணினியின் புதுப் பதிவேட்டுக்கு மாற்றுவது பெரியவளின் வேலை. இரண்டுக்கும் நடுவே அரை அங்குல தூரம்.

அந்த அரை அங்குலத்தைக் கடக்க ஒரு பதிவுக்கு இருபது நிமிடம் ஆகும்.

சாதாரணமாக ஓரிடத்தில் எழுத்தை எடுத்து இன்னோரிடத்தில் ஒட்டினால், நடுவில் அந்த எழுத்து கிளிப்போர்டு என்ற கண்ணுக்குத் தெரியாத பலகையில் காத்திருக்கும். உள்கணினிக்கு ஒரு பலகை, வெளிக்கணினிக்கு ஒரு பலகை. இரண்டையும் இணைக்க ஒரே ஒரு கட்டத்தில் ஒரு குறி போட்டால் போதும். அந்தக் குறியைப் போடும் அதிகாரம் பகிர்வு அதிகாரிக்கு உண்டு. அவர் போடுவதில்லை. அதற்குத்தான் அந்தப் பதவி.

எனவே பெரியவள் உள்கணினியில் படித்ததை ஒரு சீட்டில் கையால் எழுத வேண்டும். சீட்டில் 'வெளியேறியது' என்று முத்திரை குத்த வேண்டும். அதைப் பார்த்து வெளிக்கணினியில் தட்டச்சு செய்து, 'வந்தடைந்தது' என்று முத்திரை குத்த வேண்டும். இரண்டு முத்திரைக்கும் நடுவே பதினான்காம் விதி வரும். படிப்பவரும் எழுதுபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்கிறது அந்த விதி. ஆள் பற்றாக்குறை என்று பணியாளர்கள் முறையிட்டபோது, ஒரு குழு ஆறு மாதம் கூடி ஆலோசித்து வழி கண்டுபிடித்தது. படித்தவர் எழுந்து, நாற்காலியை இடப்பக்கமாக ஒருமுறை சுற்றிவந்து, மீண்டும் உட்கார்ந்தால் அவர் வேறு ஆள்.

கூடத்தின் ஓரத்தில் ஒரு படி உயரமான மேடையில் பகிர்வு அதிகாரி உட்கார்ந்திருப்பார். அவர் முன்னால் அசைவுப் பதிவேடு. அதில் ஒவ்வொருவருக்கும் இரண்டு பத்தி: 'எழுந்தார்', 'உட்கார்ந்தார்'. நேரத்தோடு எழுதுவார். எழுந்தார் என்று எழுதிவிட்டால் உட்கார்ந்தார் என்று எழுதும்வரை அவருக்கு இருப்புக் கொள்ளாது. மழைநாளில் தன் குடையை நனைந்துவிடும் என்று விரிக்காமல் அக்குளில் இடுக்கிக்கொண்டு போகிற மனிதர். அடுத்தவருக்கு அதில் இடம் கொடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

"எழுத்துங்கிறது தண்ணி மாதிரிம்மா" என்பார். "திறந்து விட்டா ஓடும். ஓடினா கசியும். கசிஞ்சா யாரு பொறுப்பு? ஏழு வருஷமா இந்த மாடியில ஒரு எழுத்து கசிஞ்சதில்ல."

அவர் தலைக்கு நேர் மேலே கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருக்கும் தண்ணீருக்கு ஒரு வாளி வைத்திருந்தார்கள். அது வேறு பிரிவின் பொறுப்பு.

நாளுக்கு இருபத்திரண்டு முறை எழுந்து, இருபத்திரண்டு முறை சுற்றி, இருபத்திரண்டு பதிவு முடித்து, முழங்கால் வலியோடு வீடு திரும்புவதில் பெரியவளுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. எல்லோரும் சுற்றினார்கள். எல்லோருக்கும் முழங்கால் வலித்தது. ஊரே ஒன்றாகப் பட்டினி கிடந்தால் யாருக்கும் பசி தெரியாது.

பிறகு சின்னவள் வந்தாள்.

சின்னவள் அவள் கூடப் பிறந்தவள். மூன்று வயது இளையவள். வீட்டில் அம்மா கூப்பிடுவதைப் பார்த்து அலுவலகத்திலும் பெரியவள், சின்னவள் என்றே ஆகிவிட்டது. தங்கைக்கு வேலை இல்லையே என்று விண்ணப்பம் வாங்கிவந்து நிரப்பிக் கொடுத்ததே பெரியவள்தான். சொந்தக் காசில் கொள்ளி வாங்கித் தலையைச் சொறிந்துகொண்ட கதை என்று பின்னால் பலமுறை நினைத்துக்கொண்டாள்.

சின்ன வயதிலும் இதேதான். புதுச் சட்டை எப்போதும் பெரியவளுக்குத்தான். அவளுக்குச் சிறிதானதும் சின்னவளுக்கு இறங்கும். நியாயப்படி பொறாமை சின்னவளுக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் பெரியவள் உடுத்திக் கழித்த சட்டை சின்னவள் உடம்பில் ஏறியதும் புதுசாகிவிடும். "அட, இந்தச் சட்டை எங்க வாங்கினீங்க?" என்று தெருவே கேட்கும். பெரியவள் போட்டிருந்த மூன்று வருடமும் அந்தத் தெருவுக்குக் கண் இருந்ததாகத் தெரியவில்லை.

அலுவலகத்தில் சின்னவளுக்கு அடுத்த மேசை கிடைத்தது. ஒன்றரை வருடம் அவளும் அக்காவைப் போலவே எழுந்து சுற்றி உட்கார்ந்தாள். ஒரு திங்கட்கிழமை, கணினிகளைச் சரிபார்க்க வந்த பகிர்வு அதிகாரி தும்மினார். தும்மலோடு கை நழுவி, சின்னவளின் கணினியில் போடக் கூடாத கட்டத்தில் குறி விழுந்துவிட்டது. கவனிக்காமல் மூடிவிட்டுப் போனார். அன்று சின்னவள் நூற்றெண்பது பதிவு முடித்தாள்.

மறுநாள் அவசரக் கூட்டம் நடந்தது. தவறு நடந்துவிட்டது என்று கோப்பில் எழுதினால் யார் தவறு என்று அடுத்த வரி எழுத வேண்டிவரும். அதைவிட, சின்னவளுக்குத் தகுதி வந்துவிட்டது என்று எழுதுவது எளிது. அப்படியே எழுதினார்கள். தகுதி என்று ஒன்று இருந்தால் தரம் என்று ஒன்று வேண்டும் என்று நான்கு தரம் உண்டாக்கினார்கள். ஒன்றும் பகிர முடியாதவர் முடக்கத் தரம். வெளியிலிருந்து உள்ளே மட்டும் அனுப்பலாம் என்றால் உள்வழி. உள்ளேயிருந்து வெளியே மட்டும் என்றால் வெளிவழி. இரண்டும் கூடும் என்றால் இருவழி. இருவழித் தரத்துக்குக் கைப்பிடி வைத்த நாற்காலி உண்டு.

மூன்றாம் மாடியில் இருவழி ஒரே ஆள்தான். மற்ற பதினொரு பேரும் முடக்கம். மற்றவர்கள் அந்த நாற்காலி வந்திறங்கியதைப் பார்த்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள். பெரியவள் மட்டும் அந்தக் கைப்பிடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியாள் வாங்கியிருந்தால் 'கொடுத்து வைத்தவள்' என்று விட்டிருப்பாள். கூடப் பிறந்ததற்குக் கொடுத்து வைத்தால் எப்படி விடுவது?

பக்கத்து மேசையில் சின்னவளின் விசைப்பலகை 'டக், டக்' என்று இரண்டே சத்தம் போடும். எடுத்தது, ஒட்டியது. பெரியவள் எழுந்து பாதிச் சுற்று சுற்றுவதற்குள் அங்கே மூன்று பதிவு முடிந்திருக்கும். சுற்றும்போது இடுப்பு அந்தக் கைப்பிடியில் இடிக்கும். தினமும் ஒரே இடத்தில் இடித்தது.

"வலிக்குதாக்கா?" என்பாள் சின்னவள். "நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கவா?"

"எதுக்கு? நீ சௌகரியமா இரு. உனக்கென்ன, ராணி."

வீட்டில் அம்மா சோற்றைப் பரிமாறிக்கொண்டே வெந்த புண்ணில் கரண்டியை விட்டாள்.

"சின்னவளுக்கு ரெண்டு வழி குடுத்திருக்காங்களாமே! உனக்கு எத்தனை வழிடி?"

"எனக்கு ஒரு வழியும் இல்லம்மா."

"கேட்டு வாங்கணும்டி. ஸ்கூல்லயே நீ அப்படித்தான். எழுந்து நின்னு வாசிக்கச் சொன்னாங்கன்னு பத்தாவதோட வீட்டுக்கு வந்தவதானே. இப்ப பாரு, நாள் பூரா எழுந்து நிக்கிற."

சின்னவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். புரை ஏறியது. பெரியவள் பாதிச் சோற்றில் கை கழுவினாள்.

மறுநாள் அவளும் இருவழி கேட்டு விண்ணப்பித்தாள். விண்ணப்பப் படிவம் உள்கணினியில் மட்டும் இருந்தது. வெளிக்கணினியில் மட்டும்தான் சமர்ப்பிக்க முடியும். இரண்டு பக்கப் படிவத்தை வரிவரியாகச் சீட்டில் எழுதி, வரிக்கு ஒருமுறை நாற்காலியைச் சுற்றி, நாற்பத்தாறு சுற்றில் வெளியே கொண்டுவந்தாள். எதிர்காலத்தில் பகிரவிருக்கும் எழுத்துகளின் முழுப் பட்டியலை இணைக்கவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

இரண்டாம் முறை பட்டியலை இணைத்தாள். எல்லா எழுத்தையும் முன்கூட்டியே பகிர்ந்துவிட்டதால் இனிமேல் பகிர்வதற்கு ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது. மூன்றாம் முறை விரல்களுக்கு மருத்துவச் சான்று கேட்டார்கள். மருத்துவர் அவளுடைய பத்து விரலையும் மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "என்ன நோயில்லைன்னு எழுதணும்?" என்று கேட்டார். அது படிவத்தில் சொல்லப்பட்டிருக்கவில்லை.

நான்காம் முறை நேர்காணல்வரை போனாள். மேசைக்கு அந்தப் பக்கம் பகிர்வு அதிகாரி. அவருக்கு இரண்டு பக்கமும் காலி நாற்காலிகள். குழு என்பதால் மூன்று நாற்காலி.

"உள்ள இருக்கிறது உள்ளேயே இருந்தா உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்றார்.

"வேலை முடியமாட்டேங்குதுங்க ஐயா."

"வேலை முடிஞ்சிட்டா அப்புறம் இந்த மாடிக்கு என்ன வேலை?"

பெரியவள் தலைகுனிந்தாள். பிறகு எங்கிருந்தோ துணிச்சல் வந்து, "என் தங்கச்சிக்குக் குடுத்திருக்கீங்களே" என்றாள்.

"அவங்க கேக்கல. கேக்காதவங்களுக்குக் குடுக்கலாம். கேக்கிறவங்களுக்கு ஏதோ தேவை இருக்கு. தேவை இருக்கிறவங்க கையில அதிகாரத்தைக் குடுத்தா அது தப்பாப் போயிடும்மா." தன் பேச்சு தனக்கே பிடித்துப்போய் அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

அந்த மாதம் அறிவிப்புப் பலகையில் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்கள். மூன்றாம் மாடியில் ஒரே ஒருவருக்கு நிரந்தரப் பணி. அடுத்த மாத முடிவில் நாளொன்றுக்குச் சராசரி அறுபது பதிவுக்குக் கீழே இருக்கும் தற்காலிகப் பணியாளர்கள் 'நன்றியுடன் விடுவிக்கப்படுவார்கள்'. இருபது நிமிடத்துக்கு ஒன்று என்று விதியும் சொன்னது, நாளுக்கு அறுபது என்று சுற்றறிக்கையும் சொன்னது. இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் நாளுக்கு இருபது மணி நேரம் வந்தது. பெருக்கிப் பார்ப்பது அந்த அலுவலகத்தின் வழக்கமில்லை.

பெரியவள் சுற்றறிக்கை முன்னால் வெகுநேரம் நின்றாள். இந்த வேலையை விட்டால், பத்தாவதில் நின்ற, நாலு பேர் எதிரில் வாய் திறக்காத முப்பத்தைந்து வயதுக்காரிக்கு வேறு யார் கதவைத் திறப்பார்கள்?

"கவலைப்படாதக்கா" என்று பின்னாலிருந்து சொன்னாள் சின்னவள். "ஏதாவது பண்ணலாம்."

"உனக்கென்ன கவலை" என்றாள் பெரியவள் திரும்பாமல்.

அன்றிலிருந்து சின்னவள் ஐந்து மணிக்கு வீட்டுக்குக் கிளம்புவதில்லை. "நீ போக்கா. எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கு, அடுத்த பஸ்ஸுல வர்றேன்" என்பாள். நூற்றெண்பது முடித்தவளுக்கு இன்னும் என்ன வேலை? இரண்டாம் நாள் பெரியவள் பஸ் நிறுத்தம்வரை போய்விட்டு, சாப்பாட்டு டப்பாவை மறந்தவள்போலத் திரும்பி வந்தாள். கூடம் காலி. சின்னவள் முதுகை வளைத்து, பள்ளிக்கூடத்தில் விடைத்தாளை மறைப்பதுபோல் ஒரு கையால் திரையை மறைத்துக்கொண்டு 'டக், டக்' என்று ஒட்டிக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டதும் சட்டென்று திரையை அணைத்தாள்.

"என்னடி பண்ற?"

"ஒண்ணுமில்லக்கா. சும்மா."

"சும்மாவா?"

"நீ எதுக்குத் திரும்பி வந்த?" என்று சிரித்தாள் சின்னவள். அந்தச் சிரிப்பைத்தான் தெரு முழுக்கப் பாராட்டும்.

பஸ்ஸில் இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து வந்தார்கள். சின்னவள் பேசிக்கொண்டே வந்தாள். "உனக்கும் சீக்கிரம் இருவழி கிடைச்சிரும் பாரு. ஆனா ஒண்ணு, ஒட்டினதும் ஒரு தடவை படிச்சுப் பாத்துக்க. சில நேரம் உள்ள எடுத்தது வெளிய வந்து சேராது. அப்ப ஒட்டினா, அதுக்கு முன்னாடி வெளிய எதை எடுத்து வச்சியோ அதான் வந்து நிக்கும். எனக்கே ரெண்டு தடவை அப்படி ஆச்சு."

முழங்கால் தேய்கிறவளிடம் முடி அலங்காரத்தைப் பற்றிப் பேசுகிறாளே என்று நினைத்தாள் பெரியவள். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூன்று வாரம் அந்தச் 'சும்மா' அவள் நெஞ்சில் கிடந்து ஊறியது. பதவிக்காக எதையோ ரகசியமாக யாருக்கோ அனுப்புகிறாள். மேலிடத்தைக் கைக்குள் போட்டுக்கொள்கிறாள். என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டே என் காலை வாருகிறாள். நினைக்க நினைக்க ஒவ்வொன்றும் உண்மையாகிக்கொண்டே வந்தது.

கண்காணிப்புப் பிரிவுக்கு, பெயர் சொல்ல விரும்பாதவர்கள் புகார் அனுப்ப ஒரு படிவம் உண்டு. அது பிற்பகல் மூன்றிலிருந்து நான்கு வரைதான் திறந்திருக்கும். மற்ற நேரங்களில் பெயர் சொல்ல விரும்பாதவர்கள் விரும்பியாக வேண்டும். மாதக் கடைசியில் ஒரு புதன்கிழமை, சாப்பாட்டு நேரத்தில் பெரியவள் வெளிக்கணினியில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து எழுதினாள். வாய் திறக்காத பெண்ணுக்கு விரல் மட்டும் தடையில்லாமல் ஓடியது. பதினொரு வரி. முடித்ததும், யாரும் பார்த்துவிடக் கூடாது என்று முழுவதையும் அப்படியே வெட்டி எடுத்தாள். பக்கம் வெறுமையானது. எழுத்து அந்தக் கண்ணுக்குத் தெரியாத பலகையில் பத்திரமாக ஏறி உட்கார்ந்துகொண்டது. மூன்று மணிக்குப் படிவம் திறந்ததும் ஒட்டிவிட்டால் முடிந்தது. அவள் கை கழுவப் போய்வந்தாள்.

இரண்டரை மணிக்கு இயக்குநர் மூன்றாம் மாடிக்கு வந்தார். பின்னால் பகிர்வு அதிகாரி, கையில் ஒரு கோப்பு. அதற்கும் பின்னால் ஒரு கைப்பிடி நாற்காலியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாற்காலி நேராகப் பெரியவளின் மேசைக்கு வந்து இறங்கியது.

"வாழ்த்துகள்" என்றார் பகிர்வு அதிகாரி துக்கம் விசாரிக்கும் குரலில். "உங்களுக்கு இருவழி."

பெரியவளுக்குக் கால் தரையில் இருப்பதாகத் தெரியவில்லை. எல்லோரையும் அவள் மேசையைச் சுற்றி நிற்கவைத்தார்கள். இயக்குநர் தொண்டையைச் செருமினார்.

"நான் இந்தப் பொறுப்புக்கு வந்தபோது இந்த அலுவலகத்தில் பகிர்வு என்பதே இல்லை. இன்றும் பெரிதாக இல்லை. ஆனால், இல்லாத ஒன்றை முறைப்படுத்தியிருக்கிறோம்! நகரத்தில் தண்ணீர் வரவில்லை என்கிறார்கள். வராத தண்ணீருக்கும் நம்மிடம் பதிவு இருக்கிறதா, இல்லையா? அதுதான் நிர்வாகம். இன்று இந்தச் சகோதரியைப் பாருங்கள். நாளுக்கு இருபத்திரண்டு பதிவு செய்துகொண்டிருந்தவர். கடந்த மூன்று வாரமாக நாளுக்கு அறுபத்தொன்று! எப்படி? எந்த வசதியும் இல்லாமல், முடக்கத் தரத்தில், எழுந்து உட்காரும் விதியைக் கடைப்பிடித்து! விதி ஆளை வளர்க்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? இவ்வளவு வேகமாகச் செய்பவருக்கு இருவழி தேவையே இல்லை. ஆகவேதான் கொடுக்கிறோம்."

கைதட்டினார்கள். பெரியவள் தட்டவில்லை. அறுபத்தொன்றா? நேற்று இருபத்திரண்டு. முந்தாநாள் முழங்கால் பிடித்துக்கொண்டதால் இருபத்தொன்று. அவள் குத்திய முத்திரை அவளுக்குத் தெரியாதா?

ஒவ்வொரு பதிவின் அடியிலும் 'செய்தவர் எண்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் யார் எண்ணையும் போடலாம். யாரும் அடுத்தவர் எண்ணைப் போட்டதில்லை, அவ்வளவுதான்.

அவள் மெல்லத் திரும்பிப் பக்கத்து மேசையைப் பார்த்தாள். சின்னவள் தலையைக் குனிந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திருட்டுத்தனமாகத் தின்று மாட்டிக்கொண்ட குழந்தையைப்போல உதட்டோரம் சிரிப்பு ஒளிந்திருந்தது. ஐந்து மணிக்குமேல், அக்காவின் எண்ணில், நாளுக்கு முப்பத்தொன்பது, நாற்பது பதிவு. அறுபதுக்கு ஒன்று கூடுதலாக, யாரும் சந்தேகப்படாதபடி.

"செய்து காட்டுங்கள்" என்றார் இயக்குநர். "முதல் பகிர்வு எங்கள் கண்முன் நடக்கட்டும்."

மூன்று மணிக்கு அந்தப் படிவத்தைத் திறக்கவே கூடாது என்று நினைத்துக்கொண்டே பெரியவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கைப்பிடி இரண்டு பக்கமும் அவளைப் பிடித்துக்கொண்டது. உள்கணினியில் முதலில் கண்ணில் பட்ட இணைப்பு எண்ணை எடுத்தாள். வெளிக்கணினிக்கு வந்தாள். வெற்றுப் பக்கம் திறந்தபடியே இருந்தது. கண் கலங்கியிருந்தது. ஒட்டினாள்.

பதினொரு வரி வந்து விழுந்தது.

பகிர்வு அதிகாரி கோப்பில் இருவழி என்று எழுதிவிட்டு, கணினியில் உள்வழிக்கு மட்டும் குறி போட்டிருந்தார். தாளில் முழுதாகவும் நடைமுறையில் படிப்படியாகவும் கொடுப்பது அவருடைய கொள்கை. அதனால் உள்ளே எடுத்த எண் உள்ளேயே தங்கிவிட்டது. வெளியே காத்திருந்தது வந்து நின்றது.

"வந்துவிட்டது!" என்று கூவினார் இயக்குநர். கண்ணாடியை அறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்ததால் கறுப்பாக ஏதோ வந்திருப்பது மட்டும் அவருக்குத் தெரிந்தது. "எவ்வளவு வந்திருக்கிறது பாருங்கள்!"

மறுபடி கைதட்டினார்கள். பெரியவள் விசைப்பலகைமேல் கையை வைத்தாள். அழிப்பதற்குள் பகிர்வு அதிகாரி அவள் விரலைப் பென்சிலால் தடுத்தார்.

"தொடக் கூடாது. முதல் பகிர்வு ஆவணம்." குனிந்து பென்சிலால் வரிகளை எண்ணினார். "பதினொண்ணு. சேதாரம் இல்லை."

"ஐயா, இது... இது தப்பா வந்திருக்கு. கொஞ்சம் படிச்சுப் பாருங்க..."

"படிக்கிறதா?" அவர் அதிர்ந்துபோனார். "பகிர்ந்த எழுத்தைப் படிக்கத் தனி அனுமதி வேணும்மா. என் வேலை அது வந்துச்சா, இல்லையான்னு பாக்கிறது."

அச்சு எடுத்தார்கள். மூன்று பிரதி. ஒன்று கோப்புக்கு, ஒன்று கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி அறிவிப்புப் பலகைக்கு, ஒன்று சாட்சிக் கையெழுத்துக்கு. முன்பே இருவழி பெற்ற ஒருவர்தான் சாட்சி ஆகலாம். மூன்றாம் மாடியில் அப்படி ஒரே ஆள்தான் இருந்தாள். இயக்குநர் தானே அந்தத் தாளைச் சின்னவளின் மேசைமேல் வைத்தார்.

"அக்காவுக்குத் தங்கை சாட்சி! இதைவிடப் பொருத்தம் உண்டா?"

சாட்சி சொல்பவர் படித்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும். அந்த அலுவலகத்திலேயே படித்தாக வேண்டிய ஒரே கட்டம் அதுதான். சின்னவள் சிரித்த முகத்தோடு தாளை எடுத்தாள்.

'மேலான கண்காணிப்புப் பிரிவுக்கு ஒரு நலம்விரும்பி எழுதிக்கொள்வது. மூன்றாம் மாடியில் சின்னவள் என்று அழைக்கப்படும் தற்காலிகப் பணியாளர் தற்செயலாகக் கிடைத்த வசதியைத் தவறாகப் பயன்படுத்துகிறார். தினமும் ஐந்து மணிக்குமேல் தனியே இருந்து யாருக்காகவோ எதையோ ஒட்டிக்கொண்டிருக்கிறார். கேட்டால் சும்மா என்கிறார். சிறு வயது முதலே அடுத்தவருக்கு உரியதைத் தன்னுடையதாக்கிக்கொள்வது இவர் வழக்கம். இவருடைய சிரிப்பைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம்...'

பெரியவள் தாளைப் பார்க்கவில்லை. தங்கையின் சுட்டுவிரலைப் பார்த்தாள். அது வரிகளின் அடியில் மெல்ல நகர்ந்து வந்து, 'சிறு வயது முதலே' என்ற இடத்தில் நின்றது. அங்கேயே வெகுநேரம் நின்றது. பிறகு மீதி வரிகளையும் தாண்டிப் போய்ப் பக்கத்தின் அடியை அடைந்தது.

"என்னம்மா, எல்லாம் சரியா வந்திருக்கா?" என்றார் இயக்குநர்.

சின்னவள் தலையசைத்தாள். பேனாவைத் திறந்து, சாட்சி என்ற கோட்டின்மேல் தெளிவாகக் கையெழுத்திட்டாள். பேனாவை மூடினாள். தாளைச் சுருங்காமல் அக்காவின் மேசையில், அந்தப் புதுக் கைப்பிடிக்கு அருகே வைத்தாள். சாப்பாட்டு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

மேடையேறியிருந்த பகிர்வு அதிகாரி கடிகாரத்தைப் பார்த்து அசைவுப் பதிவேட்டில் எழுதினார்: 'எழுந்தார் – இரண்டு ஐம்பத்தெட்டு.'

"ஏய்" என்றாள் பெரியவள்.

சின்னவள் நாற்காலியை இடப்பக்கமாகச் சுற்றவில்லை. நேராக நடந்தாள். சொட்டும் வாளியைத் தாண்டினாள். விளக்கம் கேட்டு வரிசையின் கடைசியில் நின்றவர்களைத் தாண்டினாள். மாடிப்படியில் செருப்புச் சத்தம் ஒவ்வொரு படியாகக் குறைந்துகொண்டே போனது.

பகிர்வு அதிகாரி பேனாவை அடுத்த பத்தியின்மேல் பிடித்தபடி, அவள் வந்து உட்காருவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்.